கோழி கொத்தின கண்

விளக்கைப் பார் என்கிறார்கள். பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். விளக்கு என்று தனியாக ஒன்றும் தெரியவில்லை, இடது கண்ணுக்கு மூன்று மாதமாக எல்லாமே பால், இப்போது அந்தப் பால் சட்டிக்குள் யாரோ டார்ச் அடிக்கிற மாதிரி இருக்கிறது, அவ்வளவுதான். "ரெண்டு விளக்கு தெரியுதா கோகிலவாணி?" என்று டாக்டரம்மா கேட்டார். "பிரிச்சுத் தெரியலீங்க, ஒரே வெளுப்புங்க" என்றேன். "சரி, எங்க ரொம்ப வெளுப்போ அங்கயே பாருங்க. அதை விட்டு எங்கயும் போகக் கூடாது. பதினஞ்சு நிமிஷம்." பதினைந்து நிமிஷம் விளக்கைப் பார்ப்பது எனக்கு ஒரு வேலையா? பண்ணையில் முட்டை அறைக்கு என்னைப் போட்டால், அடியில் விளக்கு எரிகிற கண்ணாடி மேசைக்கு முன்னால் எட்டு மணி நேரம் நிற்பேன், மேலே முட்டை உருண்டு போய்க்கொண்டே இருக்கும், ரோமம் கனத்துக்கு ஒரு கீறல் இருந்தாலும் கை தானாகப் போய் எடுத்துவிடும். அந்தப் பழக்கத்தில்தான் டெஸ்ட் பண்ணிய அன்றைக்கு நேராகப் பாருங்கள் என்றதும் நேராகப் பார்த்தேன், இமை தட்டவில்லை. டாக்டரம்மா நர்ஸைத் திரும்பிப் பார்த்து, "இப்படிப் பாக்கறவங்களுக்கு ஊசி எதுக்கு? சொட்டு மருந்தே போதும்" என்றார். ஊசி என்றால் கண்ணுக்குப் பக்கத்தில் போடுவது, அதைப் போட்டால் கண் மரத்துப் போய்ச் செத்த மீன் கண் மாதிரி அசையாமல் கிடக்குமாம். சொட்டு மருந்தில் வலி மட்டும்தான் போகும். "கண்ணு உங்க வசம்தான் இருக்கும், பாத்துக்குவீங்களா?" என்றார். "அதெல்லாம் பாத்துக்குவனுங்க" என்றேன், பத்தாவதில் கணக்குக்கு எழுபத்தொன்று வந்தபோதுகூட அவ்வளவு பெருமையாக இருந்ததில்லை. அன்றைக்கே வலது கண்ணை மூடிவிட்டு, இடது கண்ணுக்கு முன்னால் விரலை நீட்டி எத்தனை விரல் என்றார். "விரலுங்களா? கை ஆடறது தெரியுதுங்க" என்றேன். அதையே கம்ப்யூட்டரில் எழுதிக்கொண்டார், கை ஆடுவது தெரிகிறது என்று. மூன்று மாதமாக என் இடது பக்கத்து உலகத்துக்கு அதுதான் கணக்கு. எதுவோ ஆடுகிறது.

இப்போது முகத்தின் மேல் பச்சைத் துணி, ஒரு கண்ணுக்கு மட்டும் அதில் ஓட்டை. வலது கண் துணிக்கு அடியில் கோழிக்குஞ்சு மாதிரி இருட்டில் உட்கார்ந்திருக்கிறது. இமையைக் கம்பி போட்டு விரித்து வைத்துவிட்டார்கள், மூட வேண்டும் என்று நினைத்தாலும் மூட முடியாது, அந்தக் கவலை ஒழிந்தது. ஆனால் உருட்டலாம். அதுதான் வம்பு. மேலே பார்க்கலாம், மூக்குப் பக்கம் பார்க்கலாம், யாரும் கட்டிப்போடவில்லை. அசையாதே என்று ஒருத்தர் சொல்லாத வரைக்கும் கண் என்று ஒன்று இருப்பதே தெரிவதில்லை, சொல்லிவிட்டால் அது கயிற்றை அவிழ்த்துவிட்ட கன்றுக்குட்டி. டாக்டரம்மா நேற்று விளக்கமாகத்தான் சொன்னார். கண்ணுக்குள்ளே ஒரு வில்லை, அது ஒரு பைக்குள் இருக்கிறது, வில்லைதான் வெளுத்துப் போயிருக்கிறது, அதைக் கரைத்து உறிஞ்சி எடுத்துவிட்டு, அதே பைக்குள் புது வில்லையை வைப்பார்கள். பை ரொம்ப மெல்லிசு. "எப்படிச் சொல்றது..." என்று யோசித்தார். "முட்டை ஓட்டுக்கு உள்பக்கம் ஒட்டிக்கிட்டு ஒரு தோல் இருக்குமுங்களே, அந்த மாதிரிங்களா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டார். "அதைவிட மெலிசு. நான் உள்ள இருக்கறப்போ நீங்க கண்ணை வெடுக்குனு திருப்பினா, அது கிழியும். கிழிஞ்சா வில்லை அங்க உக்காராது." உட்காராவிட்டால் இன்னொரு ஆபரேஷன், அதுவும் இங்கே முடியாது, கோயமுத்தூர் போக வேண்டும், போனாலும் இதே மாதிரி வரும் என்று சொல்ல முடியாது. முட்டைத் தோல் எனக்குத் தெரியும். ஓடு நொறுங்கிய பிறகும் தோல் கிழியாமல் முட்டையைத் தாங்கிக்கொண்டு இருக்கும், அப்படி ஒரு முட்டையை உள்ளங்கையில் வைத்து அடுப்படி வரைக்கும் கொண்டு போயிருக்கிறேன், ஒரு சொட்டு சிந்தாமல். நடக்கிறபோது அதைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் சிந்திவிடும். இங்கே என்னடா என்றால் பார்த்துக்கொண்டே இருக்கச் சொல்கிறார்கள்.

தண்ணீர் ஓடுகிறது. கண்ணுக்கு மேலே சில்லென்று தண்ணீர், காதுப் பக்கம் வழிந்து துணி உறிஞ்சுகிறது. யாருடையதோ ஒரு கை என் வலது கையைப் பிடித்திருக்கிறது. ஸ்டெல்லா சிஸ்டர். அவர் முகம் எனக்குச் சரியாக ஞாபகமில்லை, மாஸ்க்கோடுதான் பார்த்தேன், கை மட்டும்தான் அவர். கையுறைக்கு உள்ளே ஒரு மோதிரம் மேடாகத் தட்டுப்படுகிறது. "இருமல் வந்தா, தும்மல் வந்தா, என்ன வந்தாலும் பேசக் கூடாது, என் கையை அமுக்குங்க, மேடம் நிறுத்திக்குவாங்க. சரியா?" என்று சொல்லியிருக்கிறார். அமுக்கலாம் என்று இருப்பதே ஒரு தைரியம். எனக்கு ஒன்றும் பயமில்லை. பயம் எல்லாம் அவருக்குத்தான், என் வீட்டுக்காரருக்கு. காலையில் பஸ்ஸில் அவர்தான் மூன்று தடவை தண்ணீர் குடித்தார். முட்டை வண்டி ஓட்டுகிறவர், மலையேறி இறங்கிக் கேரளா வரைக்கும் லட்சம் முட்டையை உடையாமல் கொண்டு போய்ச் சேர்க்கிறவர், ஒரு பாப்பாவைப் பிடிக்கச் சொன்னால் சிலிண்டரைத் தூக்குகிற மாதிரி தூக்குவார். வெளியே பெஞ்சில் மிதுனாவை அவர் மடியில் வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எட்டு மாதம். உள்ளே வருவதற்கு முன்னால் வயிறு முட்டக் கொடுத்துவிட்டுத்தான் வந்தேன், தூங்கிவிட்டாள். "முழிச்சா என்ன பண்றது?" என்றார். "தூக்கிட்டு நடங்க." "அழுதா?" "வேகமா நடங்க." "அப்பவும் அழுதா?" "நீங்களும் கூட அழுங்க, ஜோடி சேர்ந்த மாதிரி இருக்கும்" என்றேன். பக்கத்துப் பெஞ்சு அம்மா ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். ஒரு மணி நேரம் தூங்குவாள். தூங்க வேண்டும். தூங்குவாள்.

வெளுப்பைப் பார். எங்கே ரொம்ப வெளுப்போ அங்கே. அவளுக்காகத்தான் ஆபரேஷனுக்கே ஒத்துக்கொண்டது, இல்லாவிட்டால் ஒரு கண் போதாதா, கோழிக்கே ஒரு பக்கத்துக்கு ஒரு கண்தானே, தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்து அது பிழைக்கவில்லையா, என்று சொல்லிக்கொண்டு திரிந்தேன். சிரித்தார்கள். ஒரு கண்ணால் பார்த்தால் எது கிட்டே எது எட்ட என்று தெரியாது என்பது ரசத்தை டம்ளருக்கு வெளியே ஊற்றியபோதுதான் தெரிந்தது, அதற்கும் சிரித்தோம். பிறகு ஒரு நாள் மத்தியானம் தூங்கின பாப்பாவைத் தொட்டிலில் போட்டேன். தொட்டில் அங்கே இல்லை. ஒரு சாண் தள்ளி இருந்தது. நான் கையை எடுத்துவிட்டேன். துவைத்து மடிக்காமல் குவித்து வைத்திருந்த துணி மேலே விழுந்தாள், முழித்துப் பார்த்துவிட்டு அவள் பாட்டுக்குக் காலை ஆட்டிக்கொண்டு கிடந்தாள், அழக்கூட இல்லை. நான்தான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். சோம்பேறித்தனமாகத் துணி மடிக்காமல் விட்டது என் குழந்தையைக் காப்பாற்றியது. அன்றைக்குச் சாயங்காலமே அவரிடம், "கண்ணாஸ்பத்திரி எந்தக் கெழமைங்க?" என்று கேட்டேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சொல்லாத விஷயம் எனக்கு ரெண்டுதான் உண்டு. அது ஒன்று. இன்னொன்று கோழி.

கோழி கொத்தி ஒருத்திக்குக் கண் போனது என்றால் யார் சிரிக்காமல் இருப்பார்கள்? நானே சிரிப்பேன். ஊரில் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் முதலில் ஐயோ என்பார்கள், அடுத்த கேள்வி, "அந்தக் கோழியைக் கொழம்பு வெச்சீங்களா?" பண்ணையில் கூட வேலை செய்கிற பாப்பாத்தியக்கா மட்டும்தான் நேராக விஷயத்துக்கு வந்தாள். "அதெப்புடி புள்ளே கண்ணுக்குள்ள கொத்தும்? இங்க இருக்கறதுக எல்லாம் மொக்கை மூக்கு. கன்னத்துல முட்டுனாலே வலிக்காது." அதுதான். எங்கள் பண்ணையில் எல்லாக் கோழிக்கும் மூக்கு வெட்டிவிடுவோம். குஞ்சாகப் பத்து நாளில், சூடான தகடு வைத்த மெஷினில், நுனியை. ஒன்றை ஒன்று கொத்திக் கொன்றுவிடும், அதற்காக. அன்றைக்கு நான் தீவனம் அள்ளிப் போட்டுக்கொண்டு வரிசையில் போகிறேன், ஏழாவது வரிசை, கூண்டுக் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக்கொண்டு ஒருத்தி பார்க்கிறாள், நான் குனிகிறேன், அவ்வளவுதான், டக் என்று ஒரு சத்தம் தலைக்குள் கேட்டது. வலி பிறகுதான் வந்தது. கண்ணைப் பொத்திக்கொண்டு மற்றக் கண்ணால் முதலில் நான் பார்த்தது அவள் மூக்கைத்தான். கூராக, முழுசாக, பளபளவென்று, எருக்கலை மொட்டு மாதிரி. சூப்பர்வைசர் வந்து பார்த்துவிட்டு, "எவன்டா இதை வெட்டாம உட்டது?" என்று கத்தினார். அவருக்குப் பதில் சொல்ல அங்கே யாருக்கும் தெரியவில்லை. எனக்குத் தெரியும்.

தண்ணீர் நின்றது. "இப்போ ஒரு சத்தம் வரும், பயப்படாதீங்க" என்கிறார் டாக்டரம்மா. மெஷின் முனகுகிறது, மாவு மில் தூரத்தில் ஓடுகிற மாதிரி, ஏறுகிறது, இறங்குகிறது. உள்ளே போய்விட்டார். வலி இல்லை. ஆனால் யாரோ வீட்டுக்குள் நடமாடுகிற மாதிரி இருக்கிறது, நான் அடுப்படியில் இருந்துகொண்டு முன்கட்டில் ஆள் நடக்கிறதைக் கேட்கிற மாதிரி. அசையாதே. பாலில் ஒரு பக்கம் ரோஸ் நிறம் கலங்குகிறது, அழகாக இருக்கிறது, அந்தப் பக்கம் பார்க்கலாமா, கூடாது, வெளுப்பு, வெளுப்பு. நான் மூச்சை இழுத்துக் கட்டிக்கொண்டேன். மூக்கு வெட்டும்போது அப்படித்தான் செய்வோம், குஞ்சைத் தகட்டில் வைக்கிற அந்த ரெண்டு நொடி மூச்சு விடக் கூடாது, விட்டால் கை ஆடும், கை ஆடினால் கூட வெட்டுப்படும். எங்கள் கொட்டகையில் எல்லாருக்கும் அது பழக்கம், மூச்சைப் பிடி, வை, எடு, விடு, மூச்சைப் பிடி, வை. ஒரு நாளைக்கு ஆயிரத்து ஐந்நூறு குஞ்சு. நான் நல்லபடியாகத்தானே இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு இருக்கையில் மெஷின் நின்றது. "கோகிலவாணி, மூச்சு விடறீங்களா இல்லையா?" "புடிச்சுட்டு இருக்கறனுங்க." "ஏன்?" "அசையாம இருக்கறக்குங்க." "ஐயோ, விடுங்க விடுங்க. மூச்சைப் புடிச்சா கண்ணுக்குள்ள அழுத்தம் ஏறும், உள்ள எல்லாம் மேல தள்ளிக்கிட்டு வருது. நான் என்னடான்னு பாக்கறேன்." சிஸ்டர் என் கையைத் தட்டுகிறார். விட்டேன். துணிக்கு அடியில் என் மூச்சே என் முகத்தில் சூடாக அடிக்கிறது, இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி. எனக்குத் தெரிந்த ஒரே வித்தை, அதுவே தப்பாம்.

அப்படியானால் எப்படித்தான் அசையாமல் இருப்பது? குஞ்சு எப்படி இருக்கும்? நான் வெட்டுகிறவளாகவே யோசித்துக்கொண்டு இருந்துவிட்டேன், இங்கே நான் குஞ்சு. புதிதாக வருகிற பிள்ளைகள் குஞ்சை இறுக்கிப் பிடிப்பார்கள், இறுக்க இறுக்க அது துள்ளும். பாப்பாத்தியக்காதான் எனக்குக் காட்டிக் கொடுத்தாள், கட்டைவிரலைப் பின்மண்டையில் சும்மா வை, ஆள்காட்டி விரலைத் தொண்டைக்கு அடியில் வை, அழுத்தாதே, வைத்திரு. அவ்வளவுதான். குஞ்சு அப்படியே அடங்கிவிடும். கண்ணைத் திறந்துகொண்டு, விரலில் அதன் நெஞ்சு படபட படபட என்று தட்டும், ஆனால் அசையாது. தன்னைப் பிடித்திருக்கிறது என்பதையே அது மறந்துவிடும். சரி, நானும் மறக்கிறேன். தோளை விட்டேன், பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கிறேன், அதை விட்டேன், கால் கட்டைவிரல் ரெண்டும் முறுக்கிக்கொண்டு நிற்கிறது, அதுக்கு என்ன வேலை இங்கே, அதையும் விட்டேன். கண் அங்கே வெளுப்பில் மிதக்கிறது. நான் பிடிக்கவில்லை. அது இருக்கிறது. மெஷின் மறுபடியும் முனகுகிறது. "ஆங், இப்ப நல்லா இருக்கு." போன வருஷம் அந்த நாளும் இப்படித்தான், காலை பதினொன்று இருக்கும், ஐந்து மாத வயிறு, ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டிக்கொண்டு இருந்தேன், முடி கருகின நாற்றம், ஒரு குஞ்சை எடுத்தேன், விரலை வைத்தேன், அடங்கியது, மூச்சைப் பிடித்தேன், தகட்டுக்குக் கொண்டு போனேன், அப்போது வயிற்றுக்குள் ஒரு உதை. முதல் உதை. அது வரைக்கும் மீன் வாலடித்த மாதிரி என்னமோ ஒன்று, இதுவா அதுவா என்று இருந்தது. இது உதை. நான் இங்கே இருக்கிறேன் என்று கதவைத் தட்டிச் சொன்ன மாதிரி. கையில் அந்த நெஞ்சு தட்டுகிறது, உள்ளே இந்தக் கால் தட்டுகிறது. கை தகட்டுக்குப் போகவில்லை. நான் ஒன்றும் பெரிய ஜீவகாருண்யக்காரி எல்லாம் இல்லை, ஞாயிற்றுக்கிழமை கறி இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது, அதற்கு முன்னாலும் வெட்டினேன், பின்னாலும் வெட்டினேன். அந்த ஒன்றை மட்டும் வெட்டாமல், வெட்டின குஞ்சுகளோடு சேர்த்துப் பெட்டியில் விட்டுவிட்டேன். சூப்பர்வைசர் பார்க்கவில்லை. பன்னிரண்டாம் வாரம் இன்னொரு தடவை எல்லாவற்றையும் பிடித்துச் சரிபார்ப்பார்கள், அதிலும் தப்பியிருக்கிறாள், கெட்டிக்காரி. பத்து மாதம் கழித்து ஏழாவது வரிசையில் நின்றுகொண்டு எனக்குக் கணக்குத் தீர்த்தாள். இதைப் போய் யாரிடம் சொல்வது? வீட்டுக்காரர் கோபத்தில் அவளைக் காலைக் கட்டி வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்து, "அறுத்துப் போடறேன் பாரு" என்றார். "முட்டையிடற கோழியை எந்தக் கூமுட்டை அறுப்பான்?" என்று அவிழ்த்துவிட்டேன். இப்போது வாசலில் திரிகிறாள், நாய்கூட அவளுக்கு வழி விடுகிறது. என்மேல் குற்றம் இருக்கிறது என்று தோன்றுகிறபோதெல்லாம் அவள்மேல் கோபம் வருவதில்லை. அவள்மேல் கோபம் வருகிறபோது அந்த உதை ஞாபகம் வந்துவிடுகிறது. இது ரெண்டுக்கும் நடுவில்தான் மூன்று மாதமாக நான் சுற்றிக்கொண்டு...

மிதுனா.

அவள்தான். ரெண்டு கதவு தாண்டி, காரிடார் தாண்டி, மெஷின் சத்தம் தாண்டி, முதலில் ஒரு சிணுங்கல், அது எனக்கு மட்டும்தான் கேட்டிருக்கும், பிறகு மூச்சை உள்ளே இழுக்கிறாள், அந்த இழுப்பில் சத்தம் இருக்காது, அந்தச் சத்தமில்லாத இடம் எனக்குத் தெரியும், பிறகு வீறிட்டாள். நெஞ்சில் ரெண்டு பக்கமும் ஊசி ஊசியாகக் குத்துகிறது, பால் இறங்கிவிட்டது, கொடுத்துவிட்டுத்தானே வந்தேன், எங்கே இருந்து வருகிறது இவ்வளவு, ஆஸ்பத்திரி கவுன் நனைகிறது, சூடு, அக்குள் வரைக்கும் வழிகிறது. உடம்பு என்னைக் கேட்கவில்லை. அங்கே கூப்பிட்டால் இங்கே கதவைத் திறந்துவிடுகிறது. வெளுப்பைப் பார். எங்கே ரொம்ப. தொட்டிலுக்கு ஒரு சாண் இந்தப் பக்கம். அவர் நடக்கிறாரா, வேகமாக நடங்க என்றேனே, பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டு சிலிண்டர் மாதிரி குலுக்கிக்கொண்டு இருப்பார். கதவு இடது பக்கம். கழுத்து திரும்பவில்லை, தோள் திரும்பவில்லை, என் கை சிஸ்டர் கையை அமுக்கியதா, அமுக்கினேனா, தெரியவில்லை, ஒரு நொடி அந்த வெளுப்பு நழுவியது. நழுவியதா? நான் எங்கே பார்த்தேன்? மெஷின் நின்றிருந்தது. யாரும் ஒன்றும் பேசவில்லை. ஏன் பேசவில்லை? பேசாமல் இருந்தால் என்ன அர்த்தம்? முட்டை உடைந்தால் சத்தம் கேட்கும், தோல் கிழிந்தால் கேட்காது. கிழிந்துவிட்டது. பாத்துக்குவனுங்க என்று பெருமையாகச் சொன்னவள். ஊசியே போட்டிருக்கலாம். மூச்சு விடு. விடுகிறேன். வெளுப்பைப் பார், அது அங்கேயேதான் இருக்கிறது, எங்கேயும் போகவில்லை. வெளியே அழுகை ஏறி, ஏறி, ஒரு இடத்தில் தடுக்கி, பேச்சு மாதிரி ஆகி, அவர் குரல் கேட்கிறது, பாடுகிறாரா, கடவுளே, பாடுகிறார், வண்டி பின்னால் வரும்போது கத்துகிற "வரட்டும் வரட்டும் வரட்டும், ரைட்" என்பதையே ராகம் போட்டுப் பாடுகிறார். அழுகை நின்றது. மெஷின் மறுபடி முனகுகிறது. "நல்லா இருக்கு, அப்படியே இருங்க" என்கிறார் டாக்டரம்மா. நானும் குஞ்சிடம் அப்படித்தான் சொல்வேன், ஒண்ணுமில்ல ஒண்ணுமில்ல என்று, ஒவ்வொன்றிடமும், ஆயிரத்து ஐந்நூறு தடவை.

பிறகு பால் வடிந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். சட்டியில் இருந்து யாரோ மெதுவாகக் கவிழ்க்கிற மாதிரி ஒரு ஓரமாக வெளுப்பு வடிந்து, அந்த இடத்தில் ஒன்றுமே இல்லாத ஒரு நிறம், கிணற்றுக்குள் மூழ்கி மேலே பார்த்தால் தெரியுமே, அது. எனக்கு நீச்சல் தெரியும், எட்டு வயதில் எங்கள் அண்ணன் பிடித்துத் தள்ளிவிட்டான், கண்ணை மூடவில்லை நான், தண்ணீருக்கு அடியில் இருந்து சூரியனைப் பார்த்தேன், அது துண்டு துண்டாக ஆடி, பிறகு சேர்ந்தது. இப்போதும் ஆடுகிறது. ஒரு விளக்கு. ஆடுகிறது. ரெண்டு. நீல ஓரம் போட்டுக்கொண்டு, பக்கத்தில் பக்கத்தில், உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிற ரெண்டு விளக்கு. "புது வில்லை உள்ள போகுது, கொஞ்சம் அழுத்தற மாதிரி இருக்கும்." அழுத்தியது. மடித்த பாய் விரிகிற மாதிரி ஏதோ ஒன்று விரிந்தது. விளக்கு ரெண்டும் ஒரு தடவை குலுங்கி, நின்றன. "ரெண்டுங்க" என்றேன். பேசக் கூடாது என்பது மறந்துவிட்டது. "என்ன ரெண்டு?" என்றார் சிஸ்டர். "வெளக்குங்க. ரெண்டு வெளக்கு." என் கையை அவர் அமுக்கினார். நான் அமுக்குவதற்காக வைத்திருந்த கை.

துணியை எடுத்தார்கள். கம்பியை எடுத்தார்கள், இமை தானாக வந்து மூடிக்கொண்டது, வீட்டுக்கு வந்த மாதிரி. மேலே ஓட்டை ஓட்டையாக ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து ஒட்டினார்கள். டாக்டரம்மா மாஸ்க்கைக் கீழே இறக்கினார். அது வரைக்கும் மாஸ்க்கோடுதான் பார்த்திருந்தேன், நான் நினைத்ததைவிடச் சின்ன வயசு. "ஏனுங்க டாக்டர், நான் அசைஞ்சனுங்களா?" என்று கேட்டேன். இல்லை என்று சொல்வார் என்றுதான் நினைத்தேன், எல்லாரிடமும் அப்படித்தானே சொல்வார்கள். "ஒரே ஒரு தடவை. கதவுப் பக்கம் ஓடிப் போச்சு உங்க கண்ணு." "அப்ப அந்தப் பை...?" "பை முழுசா இருக்கு. நான்தான் அப்ப உள்ள இல்லையே. குழந்தை சிணுங்கறது கேட்டுச்சு, கருவியை வெளிய எடுத்துட்டேன். அடுத்தது பெருசா அழும், அம்மா கண்ணு எங்க போகும்னு தெரியாதா?" என்று சொல்லிவிட்டு உறையை உருவிக் கூடையில் போட்டார். அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார். எனக்கு மட்டும்தான் கேட்டது என்று நினைத்தேனே அந்தச் சிணுங்கல். நான் அன்றைக்குத் தகட்டில் இருந்து கையை எடுத்தேன், இவர் இன்றைக்குக் கையை எடுத்தார். எடுத்துவிட்டால் சிலது பிழைத்துக்கொள்ளும். வளர்ந்து வந்து கண்ணில் கொத்தினாலும் கொத்தும். சிரிப்பு வந்தது, கண்ணை இறுக்காதீர்கள் என்று சிஸ்டர் அதட்டினார், இறுக்காமல் சிரித்தேன், அதுவும் முடிகிறது.

வெளியே அவர் வேர்த்து வழிந்துகொண்டு நிற்கிறார், தோளில் மிதுனா, சட்டையில் எச்சில். "முடிஞ்சுதா புள்ளே? வலிச்சுதா? தெரியுதா?" என்று மூன்று கேள்வி ஒரே மூச்சில். "முதல்ல அவளைக் குடுங்க" என்று பெஞ்சில் உட்கார்ந்தேன். கவுன் நனைந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் துண்டை எடுத்து என்மேல் போட்டார், அந்த மட்டுக்கும் விவரம் தெரிகிறது. "பாடுனீங்களாக்கும்?" "கேட்டுச்சா?" "ஆஸ்பத்திரிக்கே கேட்டுச்சு." மிதுனா என் மூடியைப் பார்த்தாள். யார் இது என்கிற மாதிரி பின்னால் சாய்ந்தாள், உதடு கோணியது, பால் வாசம் வந்ததும் சாய்ந்த தலை தானாக முன்னால் வந்தது. "வீட்டுக்குப் போனதும் அந்தக் கோழியை இன்னிக்காச்சும் அறுத்தரலாமா?" என்றார் அவர். "அது இருந்துட்டுப் போகுது" என்றேன். "அது மேல உனக்கு என்ன அப்படி ஒரு இது?" "பஸ்ல சொல்றேன். ரெண்டு விஷயம் சொல்லோணும். சிரிக்கக் கூடாது." அவர் என்னைப் பார்த்தார். நான் வலது கண்ணைப் பொத்திக்கொண்டேன், சும்மா, பார்க்கலாமே என்று. மூடியின் ஓட்டைகளுக்கு அப்பால் எல்லாம் கலங்கலாக, கொஞ்சம் நீலமாக இருந்தது, ஆனால் பால் இல்லை. அந்த நீலத்தில் இருந்து எதுவோ ஆடிக்கொண்டு நேராக என் கண்ணைப் பார்த்து வந்தது. "ஏய், கொத்தாதடி" என்று அவர் பாய்ந்து மிதுனாவின் மணிக்கட்டைப் பிடித்தார். மூடிக்கு ஒரு சாண் முன்னால் அந்தக் கை நின்றது, விரல் விரித்தபடி. நான் கண்ணை எடுக்கவில்லை.

"அஞ்சு" என்றேன்.

"என்ன அஞ்சு? மணி பதினொண்ணு கூட ஆகல" என்றார் அவர்.